உறையூர் 'பிராஜெக்ட் கடை': ரெண்டாங்கிளாஸ் பிள்ளை வச்சிருக்கவங்களுக்காக ஒரு ரிவ்யூ

வெளியில இருந்து பாத்தா சாதா ஜெராக்ஸ் கடை தான். கலர் பிரிண்ட், லேமினேஷன், ஸ்பைரல் பைண்டிங்னு எல்லா கடையிலயும் தொங்கற அதே போர்டு. ஆனா கவுண்டருக்குப் பின்னாடி ஒரு பிளைவுட் தடுப்பு இருக்கு, அதுக்கு அந்தப் பக்கம் எட்டிப் பாத்தீங்கன்னா தெர்மாகோல் தூசியா பறந்துட்டு இருக்கும், அங்க தான் இந்த ஏரியாவுல இருக்கற பாதி சின்னப் பிள்ளைங்களோட ஹோம்வொர்க் தயாராகுது. கடைப் பேரு போடல, போட்டா எங்க ஸ்கூல் எதுன்னு கண்டுபிடிச்சிடுவீங்க, அப்புறம் எனக்கும் வம்பு கடைக்கார அண்ணனுக்கும் வம்பு. உறையூர்ல வெக்காளியம்மன் கோயில் பக்கம் வந்து யூனிஃபார்ம் போட்ட பிள்ளைய கையில பிடிச்சிருக்கற எந்த அம்மாவக் கேட்டாலும் வழி சொல்லுவாங்க.

கடை எப்படி நடக்குதுன்னா, டைரி பக்கத்த ஃபோட்டோ எடுத்து வாட்ஸ்அப்ல அனுப்பினா போதும். பல நேரம் அதுவும் வேணாம், எந்த ஸ்கூல் எந்த கிளாஸ்னு மட்டும் சொன்னா "இந்த வாரம் டைப்ஸ் ஆஃப் ஹவுசஸ் தானேம்மா, இக்லூ ரெடியா இருக்கு, குடிசைக்குத் தான் வைக்கோல் இன்னும் வரல"ங்கறாரு. ஆகஸ்ட் மாசம்னா ஃபிரீடம் ஃபைட்டர்ஸ், அப்புறம் கம்யூனிட்டி ஹெல்பர்ஸ், மழை ஆரம்பிச்சா வாட்டர் சைக்கிள், நடுவுல டிராஃபிக் சிக்னல், சோலார் சிஸ்டம்னு வருஷம் பூரா எந்த ஸ்கூல்ல எப்ப என்ன கேப்பாங்கன்னு மனுஷனுக்கு மனப்பாடம். (திருச்சி வெயில்ல வளர்ற பிள்ளைக்கு பனிக்கட்டியில கட்டற இக்லூ வீடு எதுக்குன்னு நானும் கேட்டுப் பாத்தேன், புக்குல இருக்குங்கறாங்க.)

அண்ணன் முன்னாடி போர்டு எழுதற பெயிண்டர். ஃப்ளெக்ஸ் வந்ததும் அந்தத் தொழில் படுத்துடுச்சு, கை மட்டும் அப்படியே இருக்கு. ஸ்கேல் வைக்காம நேர் கோடு போடுவாரு, எழுத்து அச்சு மாதிரி விழும். அவங்க வீட்டு அக்கா களிமண், தெர்மாகோல், துணி பொம்மை வேலையெல்லாம் பாக்கறாங்க. ரெண்டு பேரும் செய்யற சாமான் தரம்னா தரம், அதுல குத்தமே சொல்ல முடியாது.

ரேட்டு சொல்றேன். படம் வெட்டி ஒட்டற சார்ட்டு, கலர் பேப்பர், கம்முனு வெறும் சாமான் மட்டும் வாங்கினா எல்லா கடையிலயும் உள்ள விலை தான். முழு மாடல் செஞ்சு தரணும்னா 250ல ஆரம்பிச்சு 600 வரைக்கும் போகும், லைட்டு எரியணும் ஃபேன் சுத்தணும்னா அதுக்கு மேல. இதெல்லாம் கூட பரவால்ல, ஆர்டர் குடுக்கறப்ப அவர் கேக்கற ஒரு கேள்வி இருக்கு பாருங்க, "நீட்டா வேணுமா, பிள்ளை கை மாதிரி வேணுமா?" பிள்ளை கைன்னா ஓரம் கொஞ்சம் கோணலா வெட்டி, கம் லேசா வெளிய வழிஞ்சு, எழுத்து ஒண்ணு பெருசு ஒண்ணு சிறுசா இருக்கும். அதுக்கு எக்ஸ்ட்ரா 50 ரூபா. மோசமா செய்யறதுக்கு எதுக்குண்ணே காசு கூடன்னு கேட்டேன், "நேரா போடற கைய கோணலா போட வைக்கறது தான்மா கஷ்டம்"னாரு. பதில் இல்ல என்கிட்ட.

இந்தப் பிள்ளை கை சர்வீஸ் எப்படி வந்துச்சுங்கறதுல தான் மொத்தக் கதையும் இருக்கு, அதச் சொல்லாம இந்தக் கடைக்கு ரிவ்யூ எழுத முடியாது.

எங்க பொண்ணு ரெண்டாங்கிளாஸ், சிபிஎஸ்இ. வீடுகள் மாடல் கேட்டப்ப அவளே செஞ்சா. சோப்பு டப்பா, தீக்குச்சி, எங்க அத்தை முடைஞ்சு குடுத்த ஒரு சாண் தென்னங்கீத்து, இவ்ளோ தான். பாட்டியும் பேத்தியும் திண்ணையில உக்காந்து ஒரு ஞாயித்துக்கிழமை பூரா பண்ணாங்க. இது அடுப்பு, இது ஆடு கட்ற இடம், மழை வந்தா தண்ணி இப்படி ஓடிடும்னு அவளுக்கு ஒவ்வொண்ணும் சொல்லத் தெரியும். கொண்டு போனா. டைரில செவப்பு மையில "நெக்ஸ்ட் டைம் டு இட் நீட்லி, பேரன்ட்ஸ் கைண்ட்லி ஹெல்ப்"னு வந்துச்சு. டிஸ்ப்ளே டேபிள்ல கடையில செஞ்ச இக்லூவா ஒரு பத்து நிக்குது, இவ வீடு டேபிளுக்கு அடியில. எனக்கு வந்த கோவத்துக்கு அதே பக்கத்துல கீழ "இந்த வேலை அவளுக்குக் குடுத்ததா எனக்குக் குடுத்ததா"ன்னு எழுதி அனுப்பிட்டேன். மறுநாள் "ப்ளீஸ் மீட் மீ"ன்னு பதில் வந்துச்சு. இப்படியே டைரில கொஞ்ச நாள் சண்டை ஓடுச்சு, தினம் ராத்திரி அவ பைய எடுத்து இன்னைக்கு மிஸ் என்ன எழுதியிருக்காங்கன்னு பாக்கறது தான் எங்க வீட்டுக்காரருக்கு சீரியல் மாதிரி ஆயிடுச்சு.

அடுத்த மாடலுக்கு நேரா இந்தக் கடைக்குத் தான் போனேன். 400 ரூபாய்க்கு கம்யூனிட்டி ஹெல்பர்ஸ், டாக்டர், போலீஸ், போஸ்ட்மேன், பிளம்பர் எல்லாரும் வரிசையா. ஸ்டாரும் வந்துச்சு. என் பொண்ணு அதத் தொட்டது கூட இல்ல, ஆட்டோல மடியில வச்சிட்டுப் போனது தான் அவ செஞ்ச ஹோம்வொர்க். எனக்கு இதுல குற்ற உணர்ச்சியெல்லாம் ஒண்ணும் கிடையாது, கேட்டது நீட்டு, குடுத்தது நீட்டு. ஆனா அந்த மாடல்ல ஒரு கூத்து நடந்துச்சு, இங்கிலீஷ் லேபிள்ல பிளம்பருக்கு நடுவுல சத்தமே போடாம ஒரு பி வரும்ல, அத அண்ணன் விட்டுட்டாரு. மிஸ் அதுக்கு வட்டம் போட்டு அரை மார்க் குறைச்சிருக்காங்க. கடைக்காரர் பண்ண ஸ்பெல்லிங் தப்புக்கு ஏழு வயசுப் பிள்ளைக்கு மார்க் போச்சு. அது பிள்ளை எழுதுனது இல்லன்னு அவங்களுக்கும் தெரியும், தெரிஞ்சே தான் குறைச்சிருக்காங்க!

இதுக்கு நடுவுல வேற யாரோ ஒரு அம்மா போய் "கடையில வாங்கிட்டு வர்றவங்களுக்கு ஸ்டார் குடுக்கறீங்க"ன்னு கம்ப்ளெயிண்ட் பண்ணப்போக, இனிமே கடை மாடல் ஏத்துக்க மாட்டோம், பிள்ளைங்க தான் செய்யணும்னு சர்க்குலர் வந்துச்சு. சரின்னு நெனச்சா, சர்க்குலர் கடைசி வரியில "பிரசென்டேஷனுக்கு மார்க் உண்டு"ன்னு இருக்கு. அங்க பொறந்தது தான் பிள்ளை கை. நீட்டாவும் இருக்கணும் பிள்ளை செஞ்ச மாதிரியும் இருக்கணும்னா அதுக்குன்னு ஒரு ஆளு வேணுமா இல்லையா, அண்ணன் அந்த ஆளு.

இந்த விஷயத்துல ரூல் என்னன்னு பலருக்கும் தெரியாது, அதனால கொஞ்சம் விரிவா சொல்லிடறேன். 2018 மே 29ம் தேதி மெட்ராஸ் ஹைகோர்ட்ல நீதிபதி என். கிருபாகரன் ஒரு ஆர்டர் போட்டாரு. வழக்கு போட்டவர் புருஷோத்தமன்னு ஒரு வக்கீல், மத்திய அரசோட பாடத்திட்ட அமைப்பான என்சிஇஆர்டி சொல்றதுக்கு மேல சிபிஎஸ்இ ஸ்கூல்கள் பாடத்த ஏத்தறாங்கன்னு. ஒண்ணு ரெண்டு கிளாஸுக்கு ஹோம்வொர்க்கே கூடாது, மொழியும் கணக்கும் தவிர வேற பாடமும் வைக்கக் கூடாதுன்னு உத்தரவு. பிள்ளைங்க வெயிட்லிஃப்டரும் இல்ல, ஸ்கூல் பை லோடு ஏத்தற கண்டெய்னரும் இல்லன்னு அதுல சொன்னது அப்ப பேப்பர்ல எல்லாம் வந்துச்சு. அதே வருஷம் நவம்பர்ல மத்திய அரசே எல்லா மாநிலத்துக்கும் இதையே சர்க்குலரா அனுப்பிச்சு, ஒண்ணு ரெண்டு கிளாஸுக்குப் பை ஒன்றரை கிலோவத் தாண்டக் கூடாதுன்னும் அதுல இருந்துச்சு. அப்புறம் 2020ல மத்திய அரசோட ஸ்கூல் பேக் பாலிசி. ரெண்டாங்கிளாஸ் வரைக்கும் ஹோம்வொர்க் இல்ல, மூணுல இருந்து அஞ்சு வரைக்கும் வாரத்துக்கே ரெண்டு மணி நேரம் தான், ஆறுல இருந்து எட்டு வரைக்கும் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம். திருப்பிப் படிங்க, மூணாங்கிளாஸுக்கு வாரத்துக்கு ரெண்டு மணி நேரம், எங்க அபார்ட்மென்ட்ல மூணாங்கிளாஸ் படிக்கற பையன் அத திங்கக்கிழமையே முடிச்சிடறான்.

அந்தப் பாலிசில எனக்குப் பிடிச்ச ஒரு விஷயம் இருக்கு. சின்ன கிளாஸ் பிள்ளைங்கள ஹோம்வொர்க்குக்கு பதிலா, நேத்து சாயந்திரம் வீட்ல என்ன பண்ணே, என்ன விளையாண்டே, என்ன சாப்பிட்டேன்னு கிளாஸ்ல பேச வைங்கன்னு சொல்லியிருக்காங்க. எவ்ளோ நல்ல யோசனை! ஒரு ரூபா செலவு இல்ல. என் பொண்ண எழுந்து நின்னு பேச விட்டா அந்த ஆடு கட்ற இடத்தப் பத்தியே ஒரு பீரியடு ஓட்டியிருப்பா.

பிடிஎம்ல, அதான் பேரன்ட்ஸ் டீச்சர் மீட்டிங்ல, ஒருத்தர் இந்த ஹைகோர்ட் ஆர்டர பிரிண்ட் எடுத்துட்டே வந்துட்டாரு, (அதுவும் நம்ம அண்ணன் கடையில எடுத்த பிரிண்ட் தான், ஸ்பைரல் போட்டு) நேரா மேடம் டேபிள்ல வச்சாரு. மேடம் அசரல. "சார், வீ டோன்ட் கிவ் ஹோம்வொர்க், திஸ் ஈஸ் ஆக்டிவிட்டி"ன்னு ஒரே போடு. அவர் மூஞ்சிய பாக்கணுமே. அவர் பதில் சொல்றதுக்குள்ள பின்னாடி இருந்து இன்னொரு அப்பா, "சார் உங்களுக்கு வேணாம்னா விடுங்க, என் பையனுக்கு இதுவே பத்தல, தில்லை நகர்ல என் தங்கச்சி பையன் டெய்லி நாலு பக்கம் கர்சிவ் எழுதறான், இவ்ளோ ஃபீஸ் கட்டி இங்க சும்மாவா அனுப்பறோம்"னு ஆரம்பிச்சாரு. அப்புறம் என்ன, ஸ்கூல விட்டுட்டு பேரன்ட்ஸ் ரெண்டு கட்சியாப் பிரிஞ்சு அடிச்சிக்கிட்டாங்க. எங்க கிளாஸ் மிஸ் ஒரு வார்த்தை பேசல, அட்டெண்டன்ஸ் ஷீட்டையே பாத்துட்டு உக்காந்திருந்தாங்க. எனக்கு அப்ப எரிச்சலா இருந்துச்சு, ஏதாவது ஒரு பக்கம் பேசேம்மா தாயேன்னு.

அவங்க பேசினது இந்தக் கடையில வச்சு தான். ஒரு சனிக்கிழமை சாயந்திரம் போறேன், கவுண்டர்ல மிஸ் நிக்கறாங்க. சார்ட்டு, பார்டர் லேஸ், க்ளூ ஸ்டிக்குனு ஒரு பை நிறைய, நோட்டீஸ் போர்டுக்கு. அவங்களும் ரெகுலர் கஸ்டமராம், எனக்கு முன்னாடியே. அண்ணன் சொல்றாரு, இந்தக் கடைக்கு டீச்சர்ஸ் தான் பெரிய கஸ்டமரு, பிரைவேட் ஸ்கூல் மட்டும் இல்ல, சின்ன கிளாஸ் பிள்ளைங்களுக்கான தமிழக அரசோட 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்ததுல இருந்து கவர்மென்ட் ஸ்கூல் டீச்சர்ஸும் எழுத்து அட்டை, எண் அட்டை, முகமூடின்னு வாங்கிட்டே இருக்காங்களாம். மிஸ்ஸுகிட்ட ஸ்கூல்ல காசு குடுத்துடுவாங்களான்னு கேட்டேன். சிரிச்சாங்க. அண்ணன் பில்லு வேணுமான்னு கூட கேக்கல.

பக்கத்துல ஒரு டீ வாங்கிக் குடுத்து பேச வச்சேன். "மேம், உங்க பொண்ணு வீடு தான் எனக்கும் பிடிச்சிருந்துச்சு, ஆனா டிஸ்ப்ளே டேபிள கோஆர்டினேட்டர் ஃபோட்டோ எடுத்து ஸ்கூல் பேஜ்ல போடுவாங்க, அதுல சோப்பு டப்பா தெரிஞ்சா எனக்குத் தான் கேள்வி வரும். டைரில ஒருநாள் ஹோம்வொர்க் எழுதலைன்னா ராத்திரி பதினோரு மணி வரைக்கும் குரூப்ல மெசேஜ், மிஸ் இன்னைக்கு ஒண்ணுமே இல்லையா, என் பையன் மறந்துட்டானான்னு. குடுத்தா நீங்க திட்டறீங்க, குடுக்கலைன்னா அவங்க திட்டறாங்க, நாப்பது பிள்ளைங்க மேம்"னாங்க. அவங்க வீட்லயும் யூகேஜி படிக்கற ஒரு பையன் இருக்கானாம், வேற ஸ்கூல், அவனுக்கு அன்னைக்கு ராத்திரி வெஜிடபிள்ஸ் சார்ட்டு ஒட்டணும், பையில அதுவும் இருந்துச்சு.

பாவமாத் தான் இருந்துச்சு. ஆனா பாவமா இருக்குங்கறதுக்காக ஒத்துக்க முடியாதுல்ல. கோஆர்டினேட்டருக்கு பயந்து, குரூப்ல கத்தற நாலு அப்பாக்களுக்கு பயந்து, கடைசில அது வந்து விடியறது பதில் சொல்லத் தெரியாத ஒரு ஏழு வயசுப் பிள்ளை தலையில. இத நான் அவங்க மூஞ்சிக்கு நேராவே சொன்னேன், கோவிச்சுக்கல. "அப்ப நான் என்ன பண்ணட்டும்"னு கேட்டாங்க, அது நிஜமான கேள்வியாத் தான் பட்டுச்சு எனக்கு.

அண்ணன் தான் நடுவுல புகுந்தாரு. எல்லாப் பிள்ளைக்கும் ஒரே மாதிரி சாமான் பாக்கெட் போட்டுத் தர்றேன், வீட்டுக்கே போக வேணாம், கிளாஸ்லயே வெள்ளிக்கிழமை கடைசி பீரியடு உக்காந்து ஒட்டட்டும், கடையும் இல்ல அம்மாவும் இல்ல, பிரசென்டேஷன் எல்லாருக்கும் ஒரே லட்சணத்துல இருக்கும்னாரு. யாவாரி மூளை! முழு மாடல்ல போற வருமானத்த நாப்பது பாக்கெட்டுல எடுத்துட்டாரு. மிஸ் ரெண்டு நாள் யோசிச்சு, கோஆர்டினேட்டர்கிட்ட 'ஹேண்ட்ஸ் ஆன் லேர்னிங்'னு பேரு வச்சு பர்மிஷன் வாங்கிட்டாங்க. இப்ப எங்க செக்ஷன்ல அது தான் நடக்குது. பக்கத்து செக்ஷன்ல இன்னும் இக்லூ தான் வருது, அவங்க மிஸ் ஒத்துக்கல, அங்க இருக்கற அம்மாக்களும் ஒத்துக்கல. எங்க செக்ஷன்லயே ஒரு அம்மா "எதுக்கும் இருக்கட்டும்"னு வீட்ல ஒரு முழு மாடலும் வாங்கி வச்சிருக்காங்கன்னு அண்ணன் சொல்லிச் சிரிக்கறாரு.

அந்தப் பாக்கெட்டுக்கு தனியா ரிவ்யூ. 60 ரூபா. உள்ள கெட்டி அட்டை, கலர் பேப்பர், ஐஸ் குச்சி, கொஞ்சம் நூலு, சின்ன கம் பாட்டில், ஒரு வெத்து லேபிள் ஷீட்டு. லேபிள் வெத்தா இருக்கறது ரொம்ப நல்ல முடிவு, எழுதறது பிள்ளை, தப்பும் பிள்ளையோடது, அதுக்கு மார்க் போனா எனக்கு வருத்தம் இல்ல. அட்டை சின்னக் கத்திரில வெட்ட முடியல, ரொம்ப கெட்டி, அடுத்த தடவை மெலிசா போடுங்கன்னு சொல்லியிருக்கேன். கம் பாட்டில் மூடி சரியில்ல, முதல் வெள்ளிக்கிழமை நாலு பிள்ளைங்க யூனிஃபார்ம் போச்சு. கிளிட்டர் பாக்கெட் தயவுசெஞ்சு வேணாம், ஒரு வாரம் தலையில இருந்து போகல, அத்தைக்கும் சேத்து.

கடையில எனக்குப் பிடிச்ச இன்னொரு விஷயம், நோட்டுல எழுதித் தர மாட்டாரு. என் கண்ணு முன்னாடி ஒருத்தர் லீவு ஹோம்வொர்க், கர்சிவ் இருபது பக்கம், பிள்ளை கையில எழுதிக் குடுங்க எவ்ளோ ஆனாலும் தர்றேன்னு கேட்டாரு. முடியாதுன்னுட்டாரு. மாடலுக்கு மட்டும் ஓகேவான்னு அந்த ஆளு மடக்குனாரு, "சார் மாடல் உங்களுக்கு குடுத்த வேலை, செஞ்சு தர்றேன், எழுத்து பிள்ளைக்கு குடுத்தது"ன்னாரு. இந்தத் தெளிவு பிடிஎம்ல ஒருத்தருக்கும் இல்ல. அந்த இருபது பக்கத்த யாரு குடுத்தா எதுக்குக் குடுத்தாங்கறது வேற சண்டை, எங்க வீட்லயும் கர்சிவ் பஞ்சாயத்து இன்னும் முடியல, அதுக்கு அண்ணன்கிட்ட மருந்து இல்ல.

குறைன்னு பாத்தா லேபிள் ஸ்பெல்லிங் தான் முதல்ல. பிரிண்ட் போடறதுக்கு முன்னாடி நீங்களே ஒருக்கா செக் பண்ணிடுங்க, தமிழ் லேபிள்ல பிரச்சனை இல்ல, இங்கிலீஷ்ல தான் உதைக்குது. ஞாயித்துக்கிழமை ராத்திரி ஏழு மணிக்கு மேல போகாதீங்க, நாளைக்கு காலைல வேணும்னு ஒரு கூட்டமே நிக்கும், அப்ப ரேட்டும் 100 ரூபா ஏறிடும், கேட்டா "நைட்டு டூட்டி"ம்பாரு. ஃபேன்சி டிரெஸ்ஸும் வாடகைக்கு இருக்கு, பாரதியார் தலைப்பாகை நல்லா இருக்கு, காய்கறி டிரெஸ் எடுக்காதீங்க, கத்திரிக்காய்க்குள்ள பிள்ளைக்கு மூச்சு முட்டுது. வண்டி நிறுத்த இடம் கிடையாது. ஜீபே உண்டு.

அஞ்சுக்கு நாலு ஸ்டார். பாக்கெட் வேணும்னா கிளாஸ் மொத்தத்துக்கும் சேத்து புதன்கிழமைக்குள்ள சொல்லிடணும், முப்பதுக்குக் கீழன்னா ஒண்ணு 75 ஆயிடும், உடைஞ்ச ஐஸ் குச்சிய மட்டும் மாத்திக் குடுப்பாரு, மத்தபடி ரிட்டர்ன் எடுக்க மாட்டாரு.